தவிட்டிலிருந்து ஓரைசனால், ஃபெருலிக் அமிலம்: சிறிய அளவில் பிரிக்க முடியுமா?

பாகூர் அரவைக்காரர்:
பாகூரில் சிறிய நெல் அரவை ஆலை நடத்துகிறேன். இப்போது தவிடு முழுவதும் மாட்டுத் தீவனத்துக்கே போகிறது. அதைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தால், தவிட்டில் இயற்கையாக உள்ள ஓரைசனால், ஃபெருலிக் அமிலம் என்னும் இரு சேர்மங்கள் கிடைக்கும் என்கிறார் என் மைத்துனர். இது சாத்தியமா? எந்த நோய்க்கு உதவும்?

கடலூர் வேதியியலார்:
ஐயா, கடைச் சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஓரைசனாலோ எண்ணெயில் கரைவது; அதனால் அந்தச் சாராயத்தில் சரியாக இறங்காது. கச்சாத் தவிட்டு எண்ணெயில் அது ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு இருக்கும். அந்த எண்ணெயைக் காரம் (ஆல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது பெரும்பகுதி சோப்புக் கசடோடு போய்விடும். ஃபெருலிக் அமிலத்தின் பெரும்பங்கு தவிட்டின் நாரோடு வேதிப் பிணைப்பில் இருப்பதால், சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தாலோ உரிய நொதியாலோ அந்தப் பிணைப்பை அறுத்து, பின்னர் அமிலம் சேர்த்துப் பிரிக்க வேண்டும். ஆய்வுக்கூட வசதியின்றி இதில் இறங்காதீர்கள். பிரிப்பதைவிட முதன்மையானது தவிட்டைக் கெடாமல் காப்பதுதான்: நெல்லைத் தீட்டியவுடன் லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கி, சில மணி நேரத்திலேயே தரத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே அன்றே ஆவியில் சூடேற்றி உலர்த்தாவிட்டால் சிக்கு வாடைதான் மிஞ்சும்.

நெல்லிக்குப்பம் உணவியல் ஆசிரியை:
பயனைப் பற்றி அளவோடு சொல்கிறேன். தவிட்டு எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர்களிடம் கெட்ட கொழுப்பு ஓரளவு குறைந்ததாக மனித ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதில் ஓரைசனாலின் பங்கு எவ்வளவு, தாவர ஸ்டெரால்கள் என்னும் கொழுப்பு போன்ற தாவரப் பொருள்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஃபெருலிக் அமிலம் வைட்டமின் சி, ஈ ஆகியவற்றை நிலைப்படுத்துவதால் சருமப் பூச்சுகளில் சேர்க்கப்படுகிறது. இவற்றை நம்பி யாரும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். அரிசியைவிடத் தவிட்டில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் கூடுதலாகச் சேர்வதால், சாற்றை விற்க நினைப்பவர் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

பாகூர் அரவைக்காரர்:
இருவருக்கும் நன்றி. புழுங்கல் தவிட்டையும் ஆவியில் வைக்க வேண்டுமா?

கடலூர் வேதியியலார்:
தேவையில்லை ஐயா, நெல் அவிக்கும்போதே லைப்பேஸ் பெரும்பாலும் செயலிழந்துவிடும். எண்ணெய் விழுக்காடும் பச்சரிசித் தவிட்டைவிடக் கூடுதல் என்பதால் எண்ணெய் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. ஆயினும் காற்றுப்பட்டால் அந்த எண்ணெயும் கெடும். இரண்டையும் கலக்காமல், ஈரமின்றித் தனித்தனி மூட்டையாகக் கட்டி விரைவில் அனுப்பினால் தீவன விலையைவிட நல்ல விலை கேட்கலாம்.