விடுதி அறையில் கேத்தில், நுளம்புத்திரி, இரவில் பூட்டிய கேற்: எதற்கு உண்மையில் பயப்பட வேண்டும்?

இரண்டாம் வருட மாணவி, திருநெல்வேலி

அண்ணாமார், அக்காமார், ஒரு விசயம் கேட்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் விடுதியில் இருக்கிறேன். மேல்மாடியில் 6 அறை, அறைக்கு 3 பேர். போன கிழமை ஒரு தாளை அடித்து எல்லா அறைக் கதவிலும் ஒட்டியிருக்கிறார்கள். அறைக்குள் கேத்தில், ரைஸ் குக்கர், அயன் பாவிக்கக் கூடாது, மெழுகுதிரி, விளக்கு, நுளம்புத்திரி கொளுத்தக் கூடாது, மல்டி பிளக் கூடாது, மீறினால் அறையை விட வேண்டும். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

தாள் ஒட்டிய அன்றிரவே என் அறைத்தோழி கேத்திலைக் கட்டிலுக்குக் கீழே, பயணப் பைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். முன்பு மேசையில் எல்லோருக்கும் தெரியக் கொதித்த தண்ணீர் இப்போது மெத்தைக்கு ஒரு சாண் கீழே, கதவைப் பூட்டிக்கொண்டு கொதிக்கிறது. எனக்கு இது முன்னையதைவிட ஆபத்தாகத் தெரிகிறது. அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லை, இரவு 11 மணிக்குப் படிக்கும்போது ஒரு பிளேன்ரீ குடிக்க எங்கே போவது என்று அவள் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் என்னை நித்திரை கொள்ள விடாதது வேறொன்று. இரவு 9 மணிக்குப் படிக்கட்டின் அடியில் இருக்கிற கிறில் கேற்றைப் பூட்டி, பொறுப்பாக இருக்கும் அன்ரி திறப்பைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அவருடைய வீடு ஒழுங்கையின் மற்றப் பக்கம். யன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி போட்டிருக்கிறது. தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் தேவைக்கு மேல் பயப்படுகிறேனா? அன்ரியோடு இதை எப்படிக் கதைப்பது?

வயரிங் வேலைக்காரன், கொக்குவில்

தங்கச்சி, பயப்படுவது சரிதான், ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிற பழைய வீடுகளில் நிறைய வேலை செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எங்கள் கறண்ட் 230 வோல்ட், சதுர முள் பிளக் தாங்குவது 13 அம்பியர், இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வாட் வரும். போன் சார்ஜர் 20 வாட், மடிக்கணினி 65, மேசையில் வைக்கிற மின்விசிறி 50 அளவில். இவை எல்லாவற்றையும் ஒரு நல்ல மல்டி பிளக்கில் போட்டாலும் அதற்குச் சுமையே இல்லை, அதனால் மல்டி பிளக் என்றாலே கூடாது என்று எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. சூடாக்குகிற சாமான்கள்தான் பிரச்சினை. கேத்தில் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும், அயன் 1000, சின்ன ரைஸ் குக்கரே 500க்கு மேல். காலையில் விரிவுரைக்கு ஓடும் அவசரத்தில் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் 3000ஐத் தாண்டிவிடும். விலை குறைந்த மல்டி பிளக்குகளின் உள்ளே இருக்கிற வயர் மெல்லியது, பலவற்றில் பியூஸ் கிடையாது, 3000 வரைக்கும் போகாமலே உருகத் தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இரண்டு உருண்டை முள் உள்ள பிளக்கைச் சதுர ஓட்டைப் பொயின்றுக்குள் செருகுவதற்கு மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு நெம்புவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முள் உள்ளே இறுக்கமாகப் பிடிக்காது, எர்த்தும் கிடைக்காது, இளகிக் கிடந்து பொறி பறக்கும், சூடேறும். ட்ரிப் சுவிச் இருக்கிறதுதானே, விழுந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ட்ரிப் சுவிச் விழுவது கறண்ட் வெளியே கசியும்போது, அதாவது ஆளை அடிக்கும்போது, 30 மில்லி அம்பியரிலேயே விழுந்து உயிரைக் காப்பாற்றும். பிரேக்கர் விழுவது அளவுக்கு மேல் கறண்ட் இழுக்கும்போது. இளகிய முள் சூடேறுவது இந்த இரண்டுக்குமே தெரியாது, ஏனென்றால் கறண்ட் கசியவும் இல்லை, கூடவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க உங்கள் கண்ணும் மூக்கும் கையும்தான் இருக்கின்றன. முள்ளைச் சுற்றிப் பிளாஸ்ரிக் மண்ணிறமாகப் போயிருந்தால், பிளக்கைத் தொடும்போது சுட்டால், எரிந்த வாடை வந்தால், அன்றைக்கே அந்தப் பொயின்றை நிறுத்துங்கள்.

கட்டிலுக்குக் கீழே கேத்தில் கூடவே கூடாது. காற்றோட்டம் இல்லை, நீராவி மெத்தையில் படும், மூடி சரியாகப் பூட்டாவிட்டால் பல கேத்தில்கள் தானாக நிற்காமல் தண்ணீர் வற்றும்வரை கொதிக்கும், வயரைத் தட்டி விழுத்தினால் கொதிநீர் காலில் கொட்டும். அன்ரி ஏசினாலும் பரவாயில்லை, அது மேசைக்கு மேலே சுவர்ப் பொயின்றில் நேரடியாக இருக்கட்டும்.

அறைக்குள் வயரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். உங்கள் மாடியில் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெயின் சுவிச் எங்கே என்று தெரியும்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

முன்பு விடுதியில் இருந்தவள்

நான் படித்து முடித்துவிட்டேன், ஆனால் மெழுகுதிரி பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் கறண்ட் நின்றது ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அறைத்தோழி கட்டிலோடு ஒட்டிப் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, அதன் மேல் ஒரு போத்தல் மூடியில் மெழுகுதிரியை நட்டுவைத்துப் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நித்திரையாகிவிட்டாள். திரி அடிவரை எரிந்து, மூடி உருகி, கதிரை உருகி, தொங்கிக்கொண்டிருந்த நுளம்பு வலையில் பிடித்துவிட்டது. நைலோன் வலை பஞ்சு மாதிரி எரிவதில்லை. உருகிச் சொட்டுச் சொட்டாக விழும், விழுகிற சொட்டும் எரிந்துகொண்டே விழும். அதில் ஒரு சொட்டு அவள் கையில் விழுந்துதான் எழும்பினாள், அவள் கத்தித்தான் நான் எழும்பினேன்.

அந்த நேரம் கறண்ட் இல்லை, பக்கத்தில் குளியலறை வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, ஊற்றி அணைத்துவிட்டோம். மெத்தையின் ஒரு மூலைதான் எரிந்தது. ஆனால் அந்த மூலையில் இருந்து வந்த புகை! ஸ்பொஞ் மெத்தை எரிந்தால் வருகிற புகையில் காபனோரொட்சைட்டும் சயனைட்டும் இருக்கும் என்று பிறகுதான் படித்தேன். ஒரு நிமிடத்தில் கதவு எங்கே என்று தெரியாமல் போய்விட்டது, நான் ஒன்றரை வருடம் இருந்த அறை அது. சுவரைத் தடவிக்கொண்டு அலுமாரியைத்தான் திறந்தேன், கதவை அல்ல. அவள்தான் குனிந்து தவழ்ந்து போய்க் கதவைக் கண்டுபிடித்தாள், கீழே புகை குறைவாக இருந்தது. எங்கள் கேற் அன்றைக்குப் பூட்டியிருக்கவில்லை. பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நான் யோசிப்பதுண்டு. அதனால் நீர் தேவைக்கு மேல் பயப்படவில்லை, தங்கச்சி.

மெழுகுதிரிக்குப் பதிலாக ஒரு சார்ஜ் லைற் வாங்கி வையுங்கள். நுளம்புத்திரியைச் சும்மா தடை செய்தால் மாரி மழையோடு டெங்கு வரும், வலைதான் நல்லது, ஆனால் வலையும் திரியும் ஒரே அறையில் வேண்டாம். திரி கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மண்சட்டியில் மணலைப் போட்டு அதற்கு மேல் வைத்து, வராந்தாவில் வையுங்கள்.

அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மா, கோண்டாவில்

பிள்ளை, உங்கள் அன்ரியின் பக்கமும் கொஞ்சம் சொல்லுகிறேன், கோபிக்க வேண்டாம். கேற்றைப் பூட்டுவது எங்களுக்கு விருப்பம் என்று இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய் தகப்பன் முதலில் கேட்கிற கேள்வி "இரவில் பூட்டுவீங்களோ" என்பதுதான். கள்ளர் பயமும் இருக்கிறது. நானும் நாலைந்து வருடம் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழேதான் வைத்திருந்தேன்.

2004 ஆடியில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிள்ளைகள் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். கீற்றுக் கூரை, இறங்க ஒடுங்கிய ஒரு படி. 2024 புரட்டாதியில் மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் அதிகாலையில் குளிர்சாதனப் பெட்டியில் பிடித்த தீயில் இரண்டு பேர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை, என் வீட்டிலும் மேலே 8 பிள்ளைகள். விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினேன். வெளியே இருந்து வருகிறவனுக்குத் திறப்பு வேண்டும், உள்ளே இருக்கிறவள் கொண்டியைத் திருப்பினால் திறக்கும். கம்பி இடைவெளியால் வெளியே இருந்து கைவிட்டுத் திறக்காமல் இருக்க உள்பக்கம் ஒரு தகட்டை ஒட்டிவிட்டான். தாய் தகப்பனுக்கும் விளங்கப்படுத்தினேன், ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு யன்னல் கம்பியையும் பிணைச்சல் போட்டுக் கதவு மாதிரித் திறக்கச் செய்தேன்.

கேத்தில் விசயத்தில், ஒளிக்கிற பிள்ளையைப் பிடித்துப் பிடித்து எனக்குக் களைத்துப்போய்விட்டது. கடைசியில் மேல் வராந்தா மூலையில் ஒரு சீமெந்துத் தட்டுக் கட்டி, தனிப் பிரேக்கரோடு இரண்டு பொயின்ற் இழுத்துக் கொடுத்தேன். கேத்திலும் அயனும் அங்கேதான். ஒரு சின்னத் தீயணைப்பானும் பக்கத்தில் தொங்குகிறது, மாவு வகை, கறண்ட் தீக்கும் சரிவரும். பின்னை இழுத்து, நெருப்பின் அடியைப் பார்த்துப் பிடித்து, அழுத்தி, இடம் வலம் வீச வேண்டும் என்று ஒவ்வொரு புதுப்பிள்ளைக்கும் காட்டிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவரும் அறைக்குள் ஒளிக்கவில்லை.

அன்ரியிடம் போகும்போது கேத்தில் கதையோடு போகாதீர்கள், சண்டை அங்கேயே முடிந்துவிடும். முதலில் திறப்பைப் பற்றிக் கேளுங்கள்.

தாதி ஒருவர், யாழ்ப்பாணம்

மேலே அக்கா அந்தக் கைக்கு என்ன பூசினார்கள் என்று எழுதவில்லை. பற்பசை பூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், எரிகாயத்தோடு வருகிறவர்களில் நிறையப் பேர் பற்பசையோ முட்டை வெள்ளையோ நெய்யோ பூசிக்கொண்டுதான் வருகிறார்கள். அதைக் கழுவி எடுப்பதே பெரிய வேதனை. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன்னமே மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிடுங்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். உடுப்பில் பிடித்தால் ஓடக் கூடாது, நிலத்தில் படுத்து உருள வேண்டும்.

புகை குடித்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். குரல் அடைத்தால், சளியில் கரி வந்தால், மூக்கு மயிர் கருகியிருந்தால் உடனே ஆஸ்பத்திரி. தொண்டை வீங்குவதற்குச் சில மணித்தியாலம் எடுக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110. இரண்டையும் போனில் மட்டுமில்லாமல் படிக்கட்டுச் சுவரிலும் பெரிதாக எழுதிவையுங்கள், புகைக்குள் போனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாம் வருட மாணவி, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. கோண்டாவில் அம்மா சொன்ன மாதிரி நானும் அறைத்தோழியும் ஞாயிறு பின்னேரம் அன்ரியிடம் போய்த் திறப்பைப் பற்றி மட்டும் கேட்டோம். முதலில் கோபித்தார், உங்களை நம்பிக் கேற்றைத் திறந்துவிட்டால் நாளைக்கு உன் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்றார். பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தால் அவரே, இரவில் அங்கே நெருப்பென்றால் தனக்கு எழும்பி ஒழுங்கையைக் கடந்து வந்து பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று எங்களைக் கேட்டார். நான் 5 நிமிடம் என்றேன். அறைத்தோழி 10 என்றாள்.

பூட்டை மாற்ற ஆளைக் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் இரண்டாவது திறப்பைக் கேற்றின் உள்பக்கம் ஆணியில் தொங்கவிட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு நூலால் கட்டி வைத்திருக்கிறார், யாராவது எடுத்தால் நூல் அறுந்திருக்கும், காலையில் தெரியும். எங்களுக்கு அது பரவாயில்லை. கேத்தில் இப்போது மேசையில், சுவர்ப் பொயின்றில். தாள் இன்னும் கதவில் இருக்கிறது, அதைப் பற்றி அடுத்த முறை கதைப்போம். நேற்றிரவு 6 அறைப் பிள்ளைகளும் லைற்றை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவிக் கீழே இறங்கிப் பார்த்தோம். 17 படி. மெயின் சுவிச் எங்கே என்று ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்னொரு கேள்வி மட்டும் இருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு நாங்கள் அறை வாசலில் சிட்டி விளக்கு வைக்கிறனாங்கள். அதையும் விட வேண்டுமா?

அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மா, கோண்டாவில்

விட வேண்டாம் பிள்ளை. மேலே வேண்டாம், முற்றத்தில் வையுங்கள், வாழைக்குற்றியை நட்டு அதற்கு மேல் வைக்கிற வழக்கம்தானே எங்களுக்கு. பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றுங்கள், கடைசி விளக்கு அணையும்வரை ஒருத்தி வெளியே இருக்கட்டும். அன்ரியையும் கூப்பிடுங்கள்.