ஆறு மாசக் குழந்தையோட பெங்களூரு - துபாய் - டல்லாஸ்: என்னென்ன பார்த்துக்கணும்?

காவேரிப்பட்டணம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இப்போ மூணு மாசம். ஆறு முடிஞ்சதும் டல்லாஸ் போறதா திட்டம், அப்போ எடை 7 கிலோ பக்கம் இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. வீட்டுக்காரர் அங்கே எச்-1பி-ல இருக்கார், நானும் பாப்பாவும் மட்டும் போறோம். பெங்களூரு - துபாய் 4 மணி நேரம், துபாய்ல 4 மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் 16 மணி நேரம். தாய்ப்பால்தான், ராத்திரி ஒரு வேளை மட்டும் பவுடர் பால்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கல. பாஸினெட் (விமானத்துல மாட்டித் தர்ற குட்டித் தொட்டில்) எப்படிக் கேட்டு வாங்கறது? காது அடைப்புக்கு என்ன செய்யறது? வீட்ல அரைச்ச சத்துமாவு, ராகி மாவு எடுத்துட்டுப் போகலாமா? "தூங்க ஒரு சிரப் கொடுத்துடு, நீயும் நிம்மதியா இருக்கலாம்"னு சொல்றாங்க. சரியா?

தருமபுரி_டிக்கெட்:

சகோதரி, முதல்ல பேரைச் சரி பண்ணுங்க. நம்ம ஊர்ல இனிஷியல் போட்டே பழகிட்டதால மாட்டிக்கிற இடம் இதுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்துல 'சர்நேம்' கட்டத்தைக் காலியா விட்டா, அமெரிக்க விசாவுல பாப்பா பேர் சர்நேம் இடத்துக்குப் போயிடும், பேர் இருக்க வேண்டிய இடத்துல 'எஃப்.என்.யூ.' (முதல் பேர் தெரியாது)ன்னு அடிச்சு வரும். அங்கே போனதும் இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி பதிவு எல்லாத்துலயும் அதுவே தொடரும். அப்பா பேரை முழுசா சர்நேம்ல போட்டுடுங்க. விசா, டிக்கெட் ரெண்டுலயும் அதே எழுத்து வரணும்.

2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதி சான்றா பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். உங்க சான்றிதழ்ல பேர் ஏறியிருக்கான்னு இன்னிக்கே பாருங்க. ஆஸ்பத்திரியில பதிவு பண்ணும்போது பேர் வைக்காததால பல பேருக்கு அந்தக் கட்டம் வெறுமையாத்தான் இருக்கும். பதிவு செஞ்ச இடத்துலயே 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்க்கலாம். உங்க பேர், வீட்டுக்காரர் பேர் உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்பெல்லிங்கோட ஒத்துப் போகணும்.

குழந்தை பாஸ்போர்ட்டுக்குப் பெத்தவங்க கொடுக்கிற உறுதிமொழிப் படிவம் அனெக்ஷர் டி, அதுல அப்பா, அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். அவர் டெக்சாஸ்ல இருக்கிறதால, ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்துல சான்றொப்பம் வாங்கின உறுதிமொழிப் பத்திரம் கேட்பாங்க. அது தபால்ல வந்து சேர நாளாகும், அதனால இதைத்தான் முதல்ல ஆரம்பிக்கணும். கட்டணம் 1000 ரூபாய், 8 வயசுக்குள்ள இருந்தா 10 சதவீதம் கழிவு. 4 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு 4.5 x 3.5 செ.மீ. போட்டோ, வெள்ளைப் பின்னணியில, நீங்களே கொண்டு போகணும். போட்டோ எடுக்கும்போது கன்னத்துல வெச்ச திருஷ்டிப் பொட்டைத் துடைச்சிடுங்க, பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பாப்பாவுக்குத் தனி எச்-4 விசா (எச்-1பி-காரங்க குடும்பத்துக்கானது) வேணும். அது கைக்கு வராம டிக்கெட் போடாதீங்க.

மடியில உட்கார்ற குழந்தைக்கு, 2 வயசு நிறையற வரைக்கும், பெரியவங்க கட்டணத்துல சுமார் 10 சதவீதமும் வரியும் வரும். பாஸினெட்டுக்கு ஆன்லைன்ல டிக் அடிச்சதோட விடக் கூடாது. குழந்தை பேர் டிக்கெட்ல ஏறினதும் நிறுவனத்துக்குப் போன் பண்ணி, ரெண்டு விமானத்துக்கும் தனித்தனியா கேட்டு, இருக்கை எண்ணை எழுதி வாங்குங்க. எமிரேட்ஸ்ல 11 கிலோ, 75 செ.மீ. வரைக்கும், சில நிறுவனத்துல 14 கிலோ வரைக்கும் விடுவாங்க. 7 கிலோவுக்குப் பிரச்சனையே இல்ல. ஆனா ஒரு விமானத்துல சில தொட்டில்தான் இருக்கும், கவுண்டர்ல போய்க் கேட்டுக்கலாம்னு இருந்துடாதீங்க.

செவிலி_கிருஷ்ணகிரி:

சிரப் வேண்டவே வேண்டாம்மா. சளி, அலர்ஜி மருந்துல வர்ற தூக்கத்தை நம்பிக் கொடுக்கிறாங்க. சில குழந்தைக்கு அது நேரெதிரா வேலை செஞ்சு மணிக்கணக்கா முறுக்கிக்கிட்டு அழும். அதைவிடப் பெரிய பயம் மூச்சு மந்தமாகறது. அந்த வகை மருந்தான ப்ரோமெதசினை 2 வயசுக்குள்ள கொடுக்கவே கூடாதுன்னு மருந்துக் குறிப்புலயே எச்சரிக்கை இருக்கு. வசம்பு, கிரைப் வாட்டர் எதையும் புதுசா விமானத்துல வெச்சு ஆரம்பிக்காதீங்க.

காது விஷயம்: ஏறும்போது பெரும்பாலும் தொல்லை இருக்காது. நடுக்காதுல இருக்கிற காத்து தானா வெளியே போயிடும். இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடும், தொண்டையையும் காதையும் இணைக்கிற குழாய் ஒட்டிக்கிட்டு காத்து உள்ளே போகாது. விழுங்கினா அந்தக் குழாய் திறக்கும். தரையிறங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அழுத்தம் மாற ஆரம்பிச்சிடும், 'பெல்ட் போடுங்க'ன்னு சொல்ற வரைக்கும் காத்திருந்தா தாமதம். அதனால இறங்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி இருந்தே பால் கொடுக்காம வெச்சிருந்து, இறங்க ஆரம்பிச்சதும் கொடுங்க. பசி இருந்தாத்தான் விடாம குடிக்கும். மூக்கடைப்பு இருந்தா 10 நிமிஷம் முன்னாடி சலைன் சொட்டு ஒவ்வொரு மூக்குலயும் ஒண்ணு ரெண்டு விடலாம். காதுல சீழ், காய்ச்சல் இருந்தா டாக்டர் பார்க்காம ஏறாதீங்க.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடுத்து வெக்கும்போது ஒண்ணு கவனிங்க. அளவு எடைக்குத்தான், கிலோவுக்கு 15 மி.கி., 7 கிலோவுக்கு சுமார் 105 மி.கி. சொட்டு மருந்துல பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், அப்படின்னா 1 மி.லி. போதும். சிரப்புல 5 மி.லி.க்கு 125 மி.கி.ன்னா 4 மி.லி. வேணும். சொட்டு மருந்தை சிரப் கணக்குல 4 மி.லி. ஊத்தினா நாலு மடங்கு உள்ளே போயிடும். அரைத்தூக்கத்துல இந்தத் தப்பு சுலபமா நடக்கும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் எடுங்க, அளவை டாக்டர் கையால எழுதி வாங்கி அதுமேலேயே ஒட்டிடுங்க. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம்.

பவுடர் பால்: நம்ம டப்பாவுல பெரும்பாலும் 30 மி.லி. தண்ணிக்கு ஒரு தட்டையான ஸ்கூப். 150 மி.லி.ன்னா முதல்ல தண்ணி, அப்புறம் 5 ஸ்கூப். பவுடர் கூடினா மலம் கட்டும், உடம்புல நீர்ச்சத்து குறையும். ஸ்கூப்பை எண்ணி வீட்லயே சின்ன டப்பாக்கள்ல பிரிச்சு வெச்சுக்கோங்க. தண்ணி 70 டிகிரிக்குக் குறையாம சூடா இருக்கணும், கலக்கினப்புறம் ஆற வெச்சுக் கொடுக்கணும். கலக்கின பால் 2 மணி நேரம்தான். குடிச்சு மிச்சம் இருக்கிறதைக் கொட்டிடுங்க. பாதுகாப்புச் சோதனையில 100 மி.லி. கட்டுப்பாடு குழந்தைப் பாலுக்கும் தண்ணிக்கும் தளர்வு உண்டு, ஆனா நீங்களே வெளியே எடுத்து வெச்சுச் சொல்லணும். துபாய்லயும் மறுபடி சோதனை இருக்கும்.

இன்னொண்ணு. நம்ம அட்டவணையில தட்டம்மை ஊசி 9 மாசத்துலதான். ஆனா வெளிநாடு போற 6 முதல் 11 மாசக் குழந்தைக்கு ஒரு தவணை எம்.எம்.ஆர். (தட்டம்மைக்கும் சேர்த்த ஊசி) முன்கூட்டியே போடச் சொல்லி அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் சி.டி.சி. சொல்லுது. 2025-ல மேற்கு டெக்சாஸ்லதான் 750 பேருக்கு மேல தட்டம்மை வந்துச்சு. ஆறு மாசம் முடிஞ்சப்புறம் ஊசி போட்டு, அதுக்கு 2 வாரம் கழிச்சுப் பயணம் வர்ற மாதிரி குழந்தை டாக்டர்கிட்ட பேசுங்க. இது கணக்குல சேராது, ஒரு வயசுக்கு மேல ரெண்டு தவணை போடணும்.

பிளேனோ_பர்கூர்:

மாவு மூட்டைக்கு வருவோம். அரிசி, கொண்டைக்கடலை, சோயா எல்லாம் தானியமா இந்தியாவுல இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு வரத் தடை இருக்கு. காரணம் தானியத்தை அழிக்கிற கப்ரா வண்டு. அரைச்ச மாவு வேற கணக்குன்னு நீங்க சொல்லலாம். ஆனா லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பையில பழுப்பு மாவைப் பார்த்தா அதிகாரி என்னன்னு நினைப்பார்? முடிவு அவர் கையில. எதைக் கொண்டு வந்தாலும் 'உணவு இருக்கு'ன்னு சொல்லிடுங்க. சொன்னா அதிகபட்சம் எடுத்துக் குப்பையில போடுவாங்க, சொல்லாம மாட்டினா முதல் தடவையே 300 டாலர் அபராதம் வரலாம். டல்லாஸ் பக்கத்துல இர்விங், பிளேனோ, ஃப்ரிஸ்கோ இந்தியக் கடைகள்ல ராகி மாவு கிடைக்கும். நம்ம ஊர் ராகி ருசி வராதுதான், விடுங்க.

விமானத்துலயும் ராகி வேண்டாம். அடுப்புல அஞ்சாறு நிமிஷம் கொதிச்சாத்தான் வேகும். வெந்நீர் ஊத்திக் கலக்கினா பச்சை மாவு வயித்தைப் புடிக்கும். ஆறு மாசம் முடிஞ்சு திட உணவு ஆரம்பிச்சிருந்தா, வீட்ல ஏற்கனவே பழகின ரெடிமேட் சீரியல் ஒரு பாக்கெட்டும் வாழைப்பழமும் போதும். பழத்தை இறங்கறதுக்கு முன்னாடியே தீர்த்துடுங்க, அதையும் உள்ளே விட மாட்டாங்க.

வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லுங்க: பின்பக்கம் பார்த்து வெக்கிற கார் சீட் வாங்கி, வண்டியில மாட்டியே விமான நிலையத்துக்கு வரணும். டெக்சாஸ் சட்டப்படி 8 வயசுக்குள்ள (4 அடி 9 அங்குலத்துக்கு மேல வளர்ந்திருந்தா தவிர) குழந்தைக்கான சீட் இல்லாம கார்ல உட்கார வெக்கக் கூடாது. நம்ம ஊர் மாதிரி மடியில வெச்சுக்கிட்டு வீடு வரைக்கும்னு நினைக்காதீங்க.

காவேரிப்பட்டணம்_அம்மா:

ரொம்ப நன்றிங்க. ஹூஸ்டன் பத்திரம் பத்தி இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். டயப்பர் எத்தனை எடுக்கணும்? அதிகாலை 4 மணி விமானம்னா காவேரிப்பட்டணத்துல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

ஓசூர்_ரூட்:

சுமார் 140 கி.மீ. 1 மணிக்குக் கவுண்டர்ல நிக்கணும்னா முந்தின ராத்திரி 9 மணிக்குக் கிளம்புங்க. ஓசூர் - அத்திப்பள்ளியில ராத்திரி லாரி வரிசை நிக்கும், பகல்ல ஊருக்குள்ள விடாத லாரியெல்லாம் அப்போதான் கிளம்பும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல போனா குலுங்காது, குழந்தை முழிக்காது. வாடகை வண்டின்னா கர்நாடகா பர்மிட் வரி கட்டியாச்சான்னு முந்தின நாளே டிரைவரைக் கேளுங்க. பன்னாட்டு விமானம் எல்லாம் டெர்மினல் 2, வழி மாறி 1-க்குப் போயிடாதீங்க.

செவிலி_கிருஷ்ணகிரி:

வீட்டுல இருந்து வீடு வரைக்கும் முப்பது மணி நேரத்துக்கு மேல ஆகும். டயப்பர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு 16, மேல 4. துணி பாப்பாவுக்கு நாலு செட், உங்களுக்கும் ஒரு மாற்று மேல்சட்டை. அதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.

தருமபுரி_டிக்கெட்:

பாஸினெட் கிடைச்சாலும் ஏறும்போதும் இறங்கும்போதும், நடுவுல பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாமும் பாப்பாவை எடுத்து மடியில வெச்சே ஆகணும். உங்க பெல்ட்டோட மாட்டுற குட்டி பெல்ட் தருவாங்க. உங்க பெல்ட்டுக்குள்ளயே சேர்த்துக் கட்டாதீங்க, அதிர்ந்தா உங்க எடை மொத்தமும் பாப்பா மேல விழும். அந்த முதல் வரிசையில முன்னாடி சீட் கிடையாது, பையெல்லாம் மேல போயிடும். அதனால ரெண்டு டயப்பர், வைப்ஸ், ஒரு டப்பா பவுடர், பாட்டில் மட்டும் சின்னப் பையில போட்டு, இறங்கற வரைக்கும் கை எட்டற மாதிரி வெச்சுக்கோங்க.

மேல போனப்புறம் பாட்டிலைத் திறக்கும்போது முதல்ல மூடியை லேசா தளர்த்தி காத்தை விடுங்க. கீழே இறுக்கி மூடினது, வெளியே அழுத்தம் குறைஞ்சதும் நிப்பிள் வழியா பீச்சி அடிக்கும்.

வெள்ளி அரைஞாண், தண்டை இருந்தா சோதனை வாசல்ல சத்தம் போடலாம். நடுராத்திரியில தூங்கற குழந்தையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. கழட்டி கைப்பையில வெச்சு, கறுப்புக் கயிறு மட்டும் கட்டி விடுங்க.