பழைய கேசியோ சிடிகே-496 இசைக் கீபோர்டு, அடாப்டர் இல்லை. எதைப் போடலாம்?

சுருதிக்கட்டை:
கேசியோ சிடிகே-496 ஒன்று செகண்ட்ஸில் வந்திருக்கிறது, அடாப்டர் இல்லாமல். கையேட்டில் 9 வோல்ட், 7.7 வாட் என்று இருக்கிறது, ஆம்பியர் போடவில்லை. பின்பக்கக் குழியருகே உள்ள வட்டப் படத்தில் நடுப்புள்ளியின் கோடு மைனஸில் முடிகிறது. வீட்டில் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் (12 வோல்ட், 1 ஆம்பியர்) சும்மா கிடக்கிறது, முனையும் சரியாக நுழைகிறது. போடலாமா? கடைக்காரர் கேசியோவின் ஏடி-இ95100எல் அடாப்டரை வாங்கச் சொல்கிறார்.

ஈயக்கம்பி:
இரண்டும் வேண்டாம். முனை நுழைந்துவிட்டால் அடாப்டர் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் பெரும்பாலும் நடு பிளஸ், வெளிவளையம் மைனஸ். உங்களுடையதற்கு நேர்மாறாக வேண்டும். அதோடு 3 வோல்ட் அதிகம். உள்ளே டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) தொடராக இருந்தால் ஆன் ஆகாது, அவ்வளவுதான். குறுக்கே இருந்தால் அது ஷார்ட்டாகி ஃப்யூஸையும் கொண்டுபோகும். இரண்டும் இல்லாத போர்டு என்றால் கெப்பாசிட்டரும் ஐசியும் போகும்.

இதற்கான அசல் அடாப்டர் ஏடி-5: 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடு மைனஸ். கணக்கும் ஒத்துவருகிறது: 7.7-ஐ 9-ஆல் வகுத்தால் 0.86 ஆம்பியர். ஆகவே 1 ஆம்பியரோ அதற்கு மேலோ எடுங்கள். 2 ஆம்பியர் அடாப்டரானாலும் கீபோர்டு தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். ஏடி-இ95100எல் பின்னால் வந்த மாடல்களுக்கு. அது 9.5 வோல்ட், நடு பிளஸ், முனையின் அளவும் வேறு.

பெடல்போர்டு:
கேசியோ பெயர் போட்டதே வேண்டும் என்றில்லை. கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடல் அடாப்டரும் 9 வோல்ட், நடு மைனஸ், 5.5 / 2.1 மி.மீ. (வெளிவிட்டம் / துளை) முனைதான். ஆம்பியரை மட்டும் பாருங்கள், பல 200 அல்லது 500 மில்லி ஆம்பியர்தான் தரும். அதைப் போட்டால் கீபோர்டு ஆன் ஆகும், ரிதம் ஓடவிட்டு வால்யூமை ஏற்றியதும் அணைந்து மீண்டும் ஆன் ஆகும். நிறைய பேர் போர்டு போய்விட்டது என்று ரிப்பேருக்குத் தூக்கிப் போவது இதற்காகத்தான்.

3 முதல் 12 வோல்ட் வரை திருகும் யுனிவர்சல் அடாப்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கைபட்டுக் குமிழ் திரும்பினால் தெரியாது. யமஹா வைத்திருப்பவரிடமும் கடன் வாங்காதீர்கள், அவர்களுடைய பிஏ-130 அடாப்டர் 12 வோல்ட், நடு பிளஸ்.

வெண்கலக்குரல்:
அசல் ஏடி-5-ஐ மல்டிமீட்டரில் பார்த்தாலே 12 வோல்டுக்குப் பக்கத்தில் காட்டுகிறதே? அப்படியானால் 12 தாங்கும்தானே?

ஈயக்கம்பி:
அது ட்ரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், உள்ளே ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் பாகம்) கிடையாது. சும்மா இருக்கும்போது அப்படிக் காட்டும், லோடு ஏறியதும் 9-க்கு இறங்கும். செட்டாப் பாக்ஸுடையது எஸ்எம்பிஎஸ், அதாவது வோல்டேஜைத் தானே கட்டுப்படுத்தும் ஸ்விட்சிங் வகை, லோடிலும் 12-ஐ விடாது. அந்த மிச்ச வோல்டேஜ் முழுக்கக் கீபோர்டின் ரெகுலேட்டரில் சூடாகத்தான் இறங்கும்.

சந்தேகமிருந்தால் பேட்டரி அறையைப் பாருங்கள். 6 பெரிய டார்ச் பேட்டரி, ஒன்றுக்கு 1.5, மொத்தம் 9.

சுருதிக்கட்டை:
நன்றி அண்ணா. 9 வோல்ட், 1 ஆம்பியர் ரவுட்டர் அடாப்டர் ஒன்று கிடைக்கும், ஆனால் நடு பிளஸ். ஒயரை மாற்றிக் கொடுத்துவிடலாமா?

ஈயக்கம்பி:
தாராளமாக, தம்பி. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயரை வெட்டுங்கள். இரண்டு கம்பியையும் ஒரே நீளத்தில் வெட்டாமல் ஏற்ற இறக்கமாக வெட்டினால் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) முதலிலேயே கோத்துக்கொள்ளுங்கள், சோல்டர் பண்ணியபின் நுழையாது. பிறகு கம்பிகளை எதிரெதிராக மாற்றிச் சோல்டர் பண்ணி ட்யூபைச் சுருக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் வெயில் காலத்தில் பசை விட்டுவிடும்.

கீபோர்டில் செருகுமுன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பை வெளிவளையத்திலும் தொடுங்கள். மைனஸ் 9 காட்ட வேண்டும். மைனஸ் குறி இல்லையென்றால் ஒயர் மாறவில்லை. முடிந்ததும் அடாப்டர் மேல் ‘நடு மைனஸ்’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள், யாராவது மறுபடி ரவுட்டரில் செருகிவிடப் போகிறார்கள்.

முனையின் துளை 2.5 மி.மீ. ஆக இருந்தால் உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று ஆடி விட்டுவிட்டு வேலை செய்யும். 2.1 முனையாக மாற்றிவிடுங்கள்.

பெடல்போர்டு:
மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி வரலாம். பேட்டரியில் வாசித்துப் பாருங்கள், அப்போது இல்லையென்றால் குற்றம் அடாப்டர் மேல்தான். பேட்டரி போட்டும் ஆன் ஆகவில்லை என்றால் உடனே போர்டைச் சந்தேகிக்காதீர்கள். அடாப்டர் செருகினால் பேட்டரியைத் துண்டிக்கும் சிறு தகடு பின் குழிக்குள் இருக்கும். அது வளைந்து திறந்தபடியே நின்றால் பேட்டரி கரண்ட் உள்ளே போகாது. குழி மாற்றினால் சரியாகிவிடும், சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.