பதினாறில் நிற்பதா, எடுப்பதா?

செம்பனைத்_தம்பி:
சீனப் பெருநாள் விடுமுறைக்கு பெஸ்தாரி ஜெயாவில் நண்பன் வீட்டில் கூடினோம். வழக்கம்போல நள்ளிரவுக்கு மேல் பான் லக், அதாவது 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய நம்மூர்ச் சீட்டாட்டம். ராஜா, ராணி, ஜாக்குக்குப் பத்து மதிப்பு, சீட்டுப் பிரிக்கும் பேங்கரை வெல்ல வேண்டும். என் கையில் பத்தும் ஆறும், மொத்தம் 16. கைப்பேசியில் பிளாக்ஜாக் (சூதாட்ட மண்டபங்களில் ஆடும் இதே மாதிரி ஆட்டம், அங்கே பேங்கருக்குப் பெயர் டீலர்) அட்டவணை ஒன்றைச் சேமித்து வைத்திருந்தேன். டீலர் திறந்து வைத்த சீட்டு 2 முதல் 6 வரை என்றால் 16-ல் நில், 7 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு சீட்டு எடு என்று அதில் இருக்கும். நான் எடுத்தேன், ராஜா வந்து 21-ஐத் தாண்டி வெடித்துவிட்டது. பக்கத்திலிருந்த லோரி அண்ணன் "அட்டவணையைப் பார்த்து விளையாடினால் இப்படித்தான்" என்றார். அவரும் இங்கே இருப்பதால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: நிகழ்தகவுக் கணக்கு நம்மூர் மேசையில் செல்லுமா, செல்லாதா?

லோரி_அண்ணன்:
செல்லாது தம்பி. முப்பது வருடமாகச் சீட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். பேங்கர் தொடர்ந்து மூன்று கை வெடித்தால் நாலாவது கை வெடிக்க மாட்டார். அந்த நேரத்தில் பணத்தைக் குறைத்து வை. இதை எந்த அட்டவணையும் சொல்லாது, உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கணக்கு_வாத்தியார்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. ஒவ்வொரு கைக்கும் சீட்டை முழுதாகக் கலக்கினால், போன மூன்று கையில் என்ன நடந்தது என்பது கட்டுக்குத் தெரியாது.

தம்பியின் 16-ஐ எடுத்துக்கொள்வோம். சீட்டில் 13 வகை. ஏஸ், 2, 3, 4, 5 வந்தால் பிழைத்தோம். 6 முதல் ராஜா வரை எட்டு வகையில் எது வந்தாலும் வெடி. 13-க்கு 8, அதாவது 61.5 சதவீதம். இவ்வளவு ஆபத்து இருந்தும் அட்டவணை ஏன் எடுக்கச் சொல்கிறது? டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும், அதனால் நாம் 16-ல் நின்றால் டீலர் வெடித்தால் மட்டுமே நமக்கு வெற்றி. டீலர் 6 காட்டும்போது சுமார் 42 சதவீதம் வெடிப்பார், அதனால் நிற்கலாம். 10 காட்டும்போது வெடிப்பது 23 சதவீதத்துக்குள்தான். அங்கே நின்றாலும் எடுத்தாலும் நூறு வெள்ளிக்குச் சராசரியாக 54 வெள்ளி போகும். எடுப்பது ஒரு மயிரிழை மேல், அவ்வளவுதான். நல்ல வழி என்றால் ஜெயிக்கும் வழி என்று அர்த்தமில்லை, குறைவாகத் தோற்கும் வழி.

இதை முதலில் போட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர்: பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மட். மேசை மேல் வைக்கும் கணக்கு இயந்திரத்தில் கையால் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டு 1956-ல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அப்புறம் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் 704 கணினியில் அதையே இன்னும் நுட்பமாகப் போட்டு 1962-ல் புத்தகமாக எழுதினார்.

இந்த ஆண்டு படிவம் 5 பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிகழ்தகவை இந்தச் சீட்டை வைத்தே சொல்லித் தரலாம் என்று இருக்கிறேன்.

ஆறாம்_லயம்:
வாத்தியார் ஐயா, உங்களிடம் என் அண்ணன் படித்தான், அந்த மரியாதையோடு சொல்கிறேன்: வேண்டாம்.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். சம்பள நாள் சாயங்காலம் வேலி ஓரத்தில் பாய் விரித்துச் சீட்டு. என் அப்பாவும் கணக்குப் போடுகிறவர்தான். சட்டைப் பையில் 555 என்ற சிறு கணக்கு நோட்டு இருக்கும். ஒரு பக்கம் மளிகைக் கடைக் கடன், மறுபக்கம் எந்த நாள் எவ்வளவு விட்டார், அடுத்த முறை எவ்வளவு வைத்தால் அதை எடுக்கலாம் என்று பென்சிலில் எழுதியிருப்பார். கூட்டல் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது. அம்மா பால்மரம் வெட்டிக் கொண்டுவந்த காசு அந்தப் பக்கத்தில்தான் போனது. பையன்களுக்கு நீங்கள் 54 வெள்ளி போகும் என்று சொல்வீர்கள். அவர்கள் காதில் விழுவது "இதற்கு ஒரு வழி இருக்கிறது" என்பது மட்டும்தான்.

செம்பனைத்_தம்பி:
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அட்டவணைப்படி ஆடினால் சூதாட்ட மண்டபத்தின் லாபம் அரை சதவீதம்தானே? கிட்டத்தட்ட சமம். என் நண்பன் அப்படி ஆடி ஒரே இரவில் நூறு வெள்ளிக்கு மேல் கொண்டுவந்தான், நான் கூடவே இருந்தேன்.

கணக்கு_வாத்தியார்:
தம்பி, அந்த நூறு வெள்ளியையே கணக்குப் போடுவோம். கைக்குப் பத்து வெள்ளி வீதம் நூறு கை. அரை சதவீதம் என்றால் சராசரி நஷ்டம் 5 வெள்ளி. ஆனால் நூறு கையில் அதிர்ஷ்டம் மேலும் கீழும் ஆடும் அளவு சுமார் 115 வெள்ளி. ஐந்து வெள்ளி நஷ்டம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. உங்கள் நண்பன் பார்த்தது அட்டவணையின் பலனை அல்ல, ஒரு நல்ல இரவை. பத்தாயிரம் கை போனால் சராசரி நஷ்டம் 500, ஏற்ற இறக்கம் 1,150. நஷ்டம் நூறு மடங்கு ஏறுகிறது, ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான். ஆட ஆட நஷ்டம்தான் முந்தும்.

அந்த லாபம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நாம் முதலில் வெடிக்கிறோம், நம் காசு அப்போதே போய்விடுகிறது. பிறகு டீலர் வெடித்தாலும் அது திரும்பி வராது. டீலரைப் போலவே 17 வரை எடுத்து விளையாடினால் நஷ்டம் ஐந்தரை சதவீதத்துக்கு ஏறும். இதைத் தெரியாமல் உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

இன்சூரன்ஸ் என்று ஒன்று கேட்பார்களே, டீலர் ஏஸ் காட்டும்போது. மூடியிருப்பது பத்து மதிப்புச் சீட்டாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு. பதின்மூன்று தடவை ஒரு வெள்ளி வைத்துப் பாருங்கள். நாலு தடவை ஜெயித்து 8 வெள்ளி வரும், ஒன்பது தடவை தோற்று 9 வெள்ளி போகும். பாதுகாப்பு என்ற பெயரில் 13-க்கு ஒரு வெள்ளி. அக்கா, பிள்ளைகள் இதைத் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாம்_லயம்:
எண்ணிப் பார்க்க மழை இருக்கிறது, மோட்டார்சைக்கிள் இன்சூரன்ஸ் இருக்கிறது, செம்பனை விலை இருக்கிறது. சீட்டே வேண்டுமா? வகுப்பில் இதை எடுத்தால் என் மகனை அன்றைக்கு அனுப்ப மாட்டேன்.

லோரி_அண்ணன்:
தங்கச்சி சொல்வதில் நான் தலையிடவில்லை. வாத்தியாருக்கு ஒன்று. அந்த அட்டவணை எங்கள் மேசைக்குப் பொருந்தாது, அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். பான் லக்கில் பேங்கர் சீட்டு எதையும் காட்ட மாட்டார், இரண்டும் மூடித்தான் இருக்கும். தம்பி எந்த 7-ஐப் பார்த்து எடுத்தான்? நாங்கள் ஆடும் விதியில் இருவரும் வெடித்தால் சமன். ஐந்து சீட்டு வெடிக்காமல் நின்றால் இரட்டிப்பு. பேங்கர் தனக்கு எடுப்பதற்கு முன்பே விரும்பியவன் கையைத் திறக்கலாம். நாலு சீட்டு வைத்துக்கொண்டு முகம் வாடினவனைத்தான் முதலில் திறப்போம்.

கணக்கு_வாத்தியார்:
அண்ணே, இது முழுக்கச் சரி, தம்பி கேட்டதற்கு நேரான பதிலும் இதுதான். வேறு விளையாட்டுக்குப் போட்ட அட்டவணை அது. வெடித்தாலும் சமன் ஆக இடமிருந்தால் 16-ல் எடுப்பதன் செலவு குறைகிறது, ஐந்து சீட்டுப் பரிசு இன்னும் எடுக்கத் தூண்டுகிறது. ஆனால் நீங்கள் முன்கூட்டித் திறந்துவிட்டால் அந்தச் சமன் போச்சு. முறை அதேதான், விடையை உங்கள் விதிக்குப் புதிதாகப் போட வேண்டும். அன்றைக்குத் தம்பி எடுத்தது தப்பா சரியா என்று இந்த அட்டவணையை வைத்துச் சொல்லவே முடியாது.

அக்கா, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். இன்னும் முடிவெடுக்கவில்லை. வகுப்பில் காசு மட்டும் நிச்சயமாக இருக்காது.

லோரி_அண்ணன்:
வாத்தியார், 61.5 என்றீர்களே, நம்பாமல் நேற்று லோரியில் சுமை ஏற்றக் காத்திருந்தபோது செய்து பார்த்தேன். ஒரு கட்டிலிருந்து பத்தையும் ஆறையும் தனியே எடுத்து டேஷ்போர்டில் வைத்தேன். மீதியைக் கலக்கி மேல் சீட்டைத் திறந்தேன். நூறு தடவை. சிகரெட் பெட்டி அட்டையில் கோடு போட்டேன், 63 தடவை வெடித்தது. சரி, ஏறக்குறைய ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிறகு மீதியிருந்த சீட்டுகளைப் பரப்பி எண்ணினேன். 50-ல் வெடிக்கிற சீட்டு 30தான் இருக்கிறது. அது 60 சதவீதம் அல்லவா? உங்கள் ஒன்றரை எங்கே போனது?

கணக்கு_வாத்தியார்:
அண்ணே, அது உங்கள் டேஷ்போர்டில் இருக்கிறது. நான் 13 வகையை வைத்துச் சொன்னேன், கையில் இருக்கும் இரண்டைக் கழிக்கவில்லை. அந்தப் பத்தும் ஆறும் வெடிக்கிற சீட்டுகள், இரண்டும் கட்டை விட்டு வெளியே வந்துவிட்டன, அதனால் 52-க்கு 32 என்பது 50-க்கு 30 ஆனது. கலக்காமல் தொடர்ந்து பிரிக்கும் கட்டுக்கு ஞாபகம் உண்டு. தோர்ப் 1962-ல் எழுதியது இதைப் பிடித்துக்கொண்டுதான்.

லோரி_அண்ணன்:
அப்படியானால் கட்டிலிருக்கும் ஐந்து மதிப்புச் சீட்டு நாலும் மேசையில் போய்விட்டால் என் 16-க்கு என்ன ஆகும்? இன்று இரவு கிள்ளானில் சுமை இறக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எண்ணிவிட்டு வருகிறேன்.