பழைய பாய்மரப் படகு: சர்வே அறிக்கையால் இன்சூரன்ஸ் நிற்கிறது, அவசரம்

உப்புக்காற்று:
வணக்கம். இன்சூரன்ஸுக்காகப் படகைச் சோதிக்கும் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு ஈரம் அதிகம் என்று எழுதிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறது. இன்னும் 20 நாள்தான். படகில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள் என்றால் மனிதர் மசியவில்லை. வேறு சர்வேயரைப் பார்க்கலாமா?

நங்கூரம்73:
எந்த வருடப் படகு? மரமா, ஃபைபர்கிளாஸா? ஈரம் டெக்கிலா (மேல்தளம்), ஹல்லிலா (படகின் வெளிக்கூடு)? கரையேற்றிப் பார்த்தாரா, தண்ணீரிலேயேவா? இதெல்லாம் சொல்லாவிட்டால் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாய்மரப்பித்தன்:
ஈரப்பத மீட்டரா? அது ஜோசியம் சார். ஒரே ஹல்லில் மூன்று மீட்டர் வைத்தேன், மூன்றும் மூன்று கதை சொன்னது. அடியில் பூசும் பெயின்டில் செம்பு இருந்தால் போதும், முள் மேலே போய் நிற்கும். உள்பக்கம் தண்ணீர் டேங்க் இருந்தாலும் அப்படித்தான்.

மூத்த சுக்கானி:
இதே கேள்விக்கு நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு வரியை எடுக்கச் சொல்வதற்குப் பெயர் உண்மையை மறைப்பது. நாளைக்கு க்ளெய்ம் என்று போகும்போது பாலிசியே செல்லாது என்பார்கள். முதல் அறிக்கை கம்பெனி கையில் இருக்கும்போது இன்னொரு சர்வேயர் எதற்கு? இது கூடத் தெரியாமல் படகு வைத்திருக்கிறார்கள்.

தென்றல்விரும்பி:
சுக்கானி ஐயா, பதில் சரி, தொனி ஏன் இப்படி? பித்தன் சார், மீட்டர் மட்டும் போதாது என்பது நியாயம். ஜோசியம் என்பது அநியாயம். எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். நீர்க்கோட்டுக்கு, அதாவது படகு மிதக்கும்போது தண்ணீர் தொடும் மட்டத்துக்கு, மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த இடத்தைச் சுத்தியலால் தட்ட வேண்டும். கெட்டியான இடம் 'டக்' என்று கேட்கும், அடுக்கு விட்டுப்போன இடம் 'தொப்' என்று கேட்கும்.

பாய்மரப்பித்தன்:
தட்டுகிறவர் காது நன்றாக இருந்தால்!

தென்றல்விரும்பி:
அப்படியானால் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பையும் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

(இவர்கள் இருவரும் இதற்குமேல் ஏழெட்டுப் பதிவுகள் மீட்டரிலேயே நின்றார்கள்.)

உப்புக்காற்று:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 1985 படகு, 32 அடி, ஃபைபர்கிளாஸ். காலையில் கரையேற்றினோம், மதியமே பார்த்தார். ஈரம் ஹல்லில், நீர்க்கோட்டுக்குக் கீழே. வேறு சின்னச் சின்ன விஷயங்களும் எழுதியிருக்கிறார்: கேட் வால்வு (ஹல்லில் உள்ள தண்ணீர்த் துளையைத் திருகி மூடுவது), அடுப்புக்குப் போகும் காஸ் குழாய், ரிக்கிங் கம்பிகளுக்கு (பாய்மரத்தைத் தாங்குபவை) எத்தனை வயது என்று தெரியவில்லை. சின்ன விஷயம் என்பதால்தான் முதலில் சொல்லவில்லை.

நங்கூரம்73:
தம்பி, அதையா சின்ன விஷயம் என்கிறீர்கள்? கம்பெனிக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று வரி மாறாமல் போடுங்கள்.

உப்புக்காற்று:
"பாதுகாப்புப் பரிந்துரைகள் நிறைவேறியதற்கான சான்று கிடைக்கும் வரை புதுப்பிக்க இயலாது."

நங்கூரம்73:
பார்த்தீர்களா, இதில் ஈரம் என்ற சொல்லே இல்லை. பல வருடம் தண்ணீரில் கிடந்த ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் ஈரம் குடித்துத்தான் இருக்கும். அதுவும் கரையேறிய அன்றே பார்த்தால் வேறு எப்படி வரும்? சர்வேயரிடம் வரியை எடுக்கச் சொல்லாதீர்கள். "படகு அன்று காலைதான் கரையேறியது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அது தகவல், சேர்ப்பார். அபிப்பிராயத்தை மாற்றச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

அப்புறம் வால்வு. கேட் வால்வின் உள்தண்டு அரித்துப்போனாலும் மேலே கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும். மூடியதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது, மிச்சம் வெறும் செம்புப் பஞ்சு. வெண்கலத்தில் பால் வால்வு (உள்ளே ஓர் உருண்டை திரும்பி மூடும் வகை) போடுங்கள். காஸ் குழாயையும் மாற்றிவிடுங்கள். வேலைக்கான பில்கள், படங்கள், தேதியோடு ஒரு கடிதம், அவ்வளவுதான். பெரும்பாலும் இதுவே போதும். ரிக்கிங்குக்கு மட்டும் தனியாக ஒரு ரிக்கரை (அந்தக் கம்பி வேலை தெரிந்தவர்) கூப்பிட்டு எழுதி வாங்குங்கள். 10, 15 வருடம் தாண்டிய கம்பியென்றால் பல கம்பெனிகள் கேள்வி கேட்கும்.

மூத்த சுக்கானி:
நான் முதலிலேயே சொன்னதுதான்.

தென்றல்விரும்பி:
எங்கே சொன்னீர்கள் ஐயா?

பாய்மரப்பித்தன்:
வெண்கலம் எதற்கு? கலப்பு பிளாஸ்டிக் வால்வு இருக்கிறதே, அரிக்கவே அரிக்காது.

தென்றல்விரும்பி:
ஆரம்பித்துவிட்டார்.

உப்புக்காற்று (ஆறு நாள் கழித்து):
நன்றி எல்லோருக்கும். சர்வேயர் அந்தக் குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தார். வால்வு மாற்றும் வேலை நடக்கிறது. சுரண்டிப் பார்க்கவே தேவைப்படவில்லை. ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் வால்வு பாதியாக முறிந்து கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, படகு இன்னும் கரையில்தான் இருக்கிறது.