கமுந்திங் கைதிகளுக்காக நின்றவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்

கிள்ளான் அக்கா:

மலேசியாவில் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், வழக்கே இல்லாமல் பிடித்து வைத்தவர்களை விடச் சொல்லி அந்தக் காலத்தில் வெளியே வந்தவர்கள் இன்னும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும். மெழுகுவர்த்தி பிடித்தவர்கள், மகஜருக்குக் கையெழுத்து வாங்கப் படியேறி இறங்கியவர்கள் பார்த்தது எங்கேயும் பதிவாகவில்லை. நான் தொடங்குகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாக: 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி நடந்தது. டிசம்பர் 13 அன்று அந்த இயக்கத்தின் தலைவர்கள் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐந்து பேரையும் இசாவில் பிடித்து, தைப்பிங் பக்கத்தில் இருக்கும் கமுந்திங் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் நான்கு பேர் வழக்கறிஞர்கள். ஆனால் வாதாட வழக்கே இல்லை. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் உள்ளே. அது முடிந்தால் இன்னொரு கையெழுத்து, இன்னும் இரண்டு வருடம். 1960இல் கம்யூனிஸ்டுகளைக் காரணம் காட்டிக் கொண்டுவந்த சட்டம். அதில் 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெழுகுவர்த்திக் கூட்டத்தில் சந்தித்த மலாய்க்கார அம்மாவைப் பற்றி. பக்கத்தில் நின்றவர், கையில் இருந்த மினரல் வாட்டர் போத்தலின் மேல் பாதியை அறுத்து, அதன் கழுத்தில் மெழுகுவர்த்தியைச் செருகி என்னிடம் நீட்டினார். காற்றுக்கு அணையாது, மெழுகும் கையில் சொட்டாது. எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டேன். கணவரை 2002இல் பிடித்தார்களாம். ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாதக் குழுவோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு, ஆனால் நீதிமன்றத்துக்கு ஒரு நாளும் கொண்டுபோகவில்லை. கடைக்குட்டிக்கு அப்பாவை முகாமில் பார்த்துத்தான் பழக்கம் என்றார்.

அவர் கைப்பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பார்க்கப்போன ஒவ்வொரு தடவையும் தேதி, கணவர் எப்படி இருந்தார், இளைத்திருந்தாரா, என்ன மருந்து கேட்டார், கொடுத்தார்களா இல்லையா, எல்லாம் பேனாவில் எழுதியிருந்தது. "வக்கீலுக்கு இதுதான் வேண்டும், அழுதால் போதாது" என்று மலாயில் சொன்னார். அப்புறம் நம் ஐந்து பேரின் பெயரையும் ஒன்றுவிடாமல் சொல்லி, உதயகுமாரின் காலில் புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தார். உதயகுமாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று குடும்பத்தார் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அம்மாவின் கணவர் பெயரோ நம் பத்திரிகைகளில் வந்ததே இல்லை.

ஐந்து பேரையும் விடு என்று கேட்பதைவிட, அந்தச் சட்டத்தில் பிடித்த எல்லாரையும் விடு என்று கேட்பதற்குத்தான் பலம் அதிகம். இதை எந்த மேடையிலும் நான் தயங்காமல் சொல்வேன்.

—

கோத்தா ஆலாம் ஷா தேர்தல் தொண்டர்:

அக்கா, நான் 2008 மார்ச் பொதுத்தேர்தலில் மனோகரனுக்கு ஓட்டுக் கேட்டுப் போனவன். வேட்பாளர் கமுந்திங்கில், தொகுதி கிள்ளானில். தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது என்பது சட்டம். இசாவில் யாருக்கும் தண்டனையே கொடுப்பதில்லை. அதனால் வேட்புமனுவைத் தடுக்கவும் வழியில்லை. சிறைவைத்த சட்டமே கதவைத் திறந்துவிட்டது.

வீட்டு வாசலில் போய் "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று படத்தைத்தான் நீட்டுவோம். ஒரு பாட்டி படத்தை வாங்கி, முந்தானையில் துடைத்து, சாமி மேடையில் வைத்துவிட்டு வந்தார். "தம்பி, இவர் ஜெயிச்சா விட்டுருவாங்களா?" என்று கேட்டார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை, பாட்டி. ஆனால் ஜெயித்தவரை உள்ளே வைத்திருப்பது அவர்களுக்குக் கஷ்டம் என்றேன். இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லா வீட்டிலும் கேட்டார்கள். பொய்யாக ஆசை காட்டக்கூடாது என்று எங்கள் குழுவில் முதல் நாளே பேசி முடிவு செய்திருந்தோம். சீனக் குடும்பங்கள் இருந்த வரிசைகளில் எங்களோடு வந்த ஆ சோ சீனத்திலேயே பேசி விளக்கினார். அவருடைய அண்ணனை 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற இசா கைது நடவடிக்கையில் பிடித்திருந்தார்கள். அந்தத் தடவை நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அள்ளினார்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் லிம் கிட் சியாங்கும் கர்ப்பால் சிங்கும் அதில் அடக்கம். அந்த வரிசைகளில் எங்களைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு, தலையசைத்தவர்கள் அதிகம்.

மார்ச் 8 ராத்திரி முடிவு வந்தது. ஜெயித்தார். சிலாங்கூர் மாநில ஆட்சியும் மாறியது. ஆனாலும் மனோகரன் வெளியே வர அடுத்த வருடம் மே மாதம் ஆனது.

—

தைப்பிங்காரன்:

எங்கள் ஊரில் மழை எப்போது பெய்யும் என்று கேட்கக்கூடாது, எப்போது விடும் என்றுதான் கேட்க வேண்டும். முகாமுக்காக வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் அதை அறியாமல் குடை இல்லாமல் வந்து இறங்குவார்கள். நம் வீட்டு அஞ்சடியில், அதாவது முன்பக்கக் கூரை நடைபாதையில், உட்காரவைத்து, என் அம்மா வரக்காப்பி போட்டுக் கொடுப்பார். தமிழர், மலாய்க்காரர் என்றெல்லாம் அம்மா பார்த்ததில்லை. மலாய்க்காரர்கள் வந்தால் பக்கத்து மலாய்க்கடையில் ரொட்டி வாங்கி வருவார், அவர்கள் சங்கடப்படக் கூடாது என்று.

முகாம் வாசலில் கூடினால் கலைந்துபோகச் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் நிற்போம். இதை வீரம் என்று நான் எழுத மாட்டேன். பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை.

—

ஈப்போ வாசகர்:

ரோஜாப்பூ விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. 2008 பிப்ரவரி 16, தேர்தலுக்குச் சில வாரம் முன்பு. பிள்ளைகள் நாடாளுமன்றத்தில் பிரதமர் அப்துல்லா படாவிக்கு ரோஜாப்பூ கொடுத்து, ஐந்து பேரையும் விடக் கேட்பதாக ஏற்பாடு. அதற்கும் கண்ணீர்ப்புகை. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் பூவைக் கீழே போடாமல் ஓடி வந்தாள், முள் கிழித்து உள்ளங்கையில் ரத்தம். பிள்ளைகளைக் கூட்டிப்போனது சரியா என்று உறவுக்காரர்கள் பலர் கேட்டார்கள். சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பூவுக்குப் போலீஸ் புகைக்குண்டு வீசும் என்று எந்தப் பெற்றோர் எதிர்பார்ப்பார்?

—

கிள்ளான் அக்கா:

ஈப்போ அண்ணே, மகள் நலமா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

விட்டுப்போன பகுதியைச் சேர்க்கிறேன். 2009 ஏப்ரலில் நஜிப் பிரதமரானதும் 13 பேரை விடுவதாக அறிவித்தார். கணபதிராவும் கெங்காதரனும் அதில் வந்தார்கள். மற்ற மூவரும் மே மாதம். நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உதயகுமார் மறுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். குற்றம் செய்யாதவன் எதற்கு நிபந்தனைக்கு ஒப்ப வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது.

நம் ஆட்கள் வந்துவிட்டார்கள், சரி. அப்புறம் ஆகஸ்ட் 1 அன்று இசா ஒழிப்புப் பேரணி. "நம்ம ஆளுங்க வந்துட்டாங்களே, இன்னும் எதுக்கு?" என்று என் சொந்தத் தம்பியே கேட்டான். நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அந்த மலாய்க்கார அம்மாவுக்காகப் போனேன். சோகோ கடைத்தொகுதி, மஸ்ஜிட் ஜாமெக் பக்கமெல்லாம் புகை. கறுப்புச் சட்டை போட்டிருந்தாலே பிடித்தார்கள். ஐநூறுக்கும் மேற்பட்டவர்களை அன்று லாரிகளில் ஏற்றினார்கள். ஓடிக்கொண்டிருந்தபோது மலாய் இளைஞன் ஒருவன் ஈரத் துண்டைக் கையில் திணித்து, "அக்கா, கண்ணைத் தேய்க்காதீங்க" என்றான். 'அக்கா' என்று தமிழிலேயே சொன்னான். அந்தக் கூட்டத்தில் தமிழர்களும் நிறையவே இருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

—

சிரம்பான் இளைஞர்:

நான் உங்களுக்கெல்லாம் பிந்தியவன். இசா 2012இல் போய், அதன் இடத்தில் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்தது. குற்றம் சாட்டாமலே 28 நாள் வைக்கலாம். குற்றம் சாட்டிய பிறகு பெரும்பாலும் ஜாமீன் கிடையாது, அதனால் வழக்கு முடியும்வரை உள்ளேதான். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். மலாக்கா, நெகிரி செம்பிலான் சட்டமன்ற உறுப்பினர்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் இல்லை. பல பேர் மீது குற்றம், கைத்தொலைபேசியில் இருந்த படங்கள்தான்.

நீதிமன்றத்துக்குப் போனால், நடைவழியில் குடும்பத்தாருக்கு நாற்காலி தேடிக் கொடுப்பதும், வழக்கு எண்ணைக் குறித்து வைப்பதும் வயதானவர்கள்தான். இசா காலத்து ஆட்கள். மலாய்க்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே, அக்கா சொன்ன அந்த நோட்டுப் புத்தகம்: தேதி போடு, பார்த்ததை எழுது, கேள்விப்பட்டதைத் தனியாக எழுது.

நவம்பர் 29 அன்று, ஜாமீனைத் தடுக்கும் 13ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியும் உடனே வெளியே வரவில்லை. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். அதற்குள் நான்கு மாதத்துக்கு மேல் போய்விட்டது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அவர்கள் வெளியே வந்த அதே வாரம், வேறு வழக்கில் சொஸ்மாவில் இருக்கும் ஒருவரின் மனைவி எங்களைத் தேடி வந்தார். மலாய்க்காரர். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம்.