மாத்திரை தவறாமல் போடுகிறார், ஆனாலும் நிதானம் குறைகிறது

முதுநகர்க்காரி:
எங்களுக்குக் கடலூர் முதுநகர். வீட்டுக்காரருக்கு 52 வயது, எச்ஐவி இருப்பதால் 2011 முதல் அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை எடுக்கிறார். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, கண்டறிய முடியாத அளவுதான் என்று ரிப்போர்ட் வருகிறது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர். எந்தக் கூடை யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். இப்போது இரண்டு பேர் ஒன்றாகப் பேசினாலே திணறுகிறார். மீதிச் சில்லறை எண்ணவும் சட்டைப் பொத்தான் போடவும் நேரம் பிடிக்கிறது. ஆனால் பழைய ஆட்கள், பழைய கதை எதுவும் மறக்கவில்லை. குடியே தெரியாத மனிதரை, குடிக்கிறாரோ என்று கூட்டாளி சந்தேகப்படுகிறார். "மாத்திரையாலதான் இப்படி, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கிறேன்" என்கிறார். என்ன செய்வது?

வில்லியனூர் தம்பி:
வல்லாரை லேகியம் கொடுங்க அக்கா, ஞாபகத்துக்கு நல்லது.

ஆலோசகர் அக்கா, புதுச்சேரி:
தங்கச்சி, முதல் வேலை, மாத்திரையை நிறுத்த விடாதே. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல வருடம் இருந்தவள் சொல்கிறேன். நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மூளையிலும்தான்.

தொற்று வந்த ஆரம்பத்திலேயே ரத்த அணுக்களோடு வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. நரம்பணுவை நேரடியாகத் தொடுவதில்லை; சுற்றியிருக்கும் காவல் அணுக்களில் தங்கி, ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. ரத்தத்தில் கட்டுப்பட்ட பிறகும் அந்தப் பாதிப்பு சிலருக்கு மிச்சமிருக்கும். அதனால்தான் பழைய நினைவு அப்படியே இருக்க, வேகமும் கவனமும் விரல் நிதானமும் குறைகின்றன. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் லேசாகவே இருக்கும். முழு மறதி நோயாக முற்றுவது இப்போது அரிது.

ஆனால் எச்ஐவிதான் காரணம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. பி12, தைராய்டு, சர்க்கரை, சிபிலிஸ் எல்லாம் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் ஆளை இப்படியே மந்தமாக்கும். இதை டாக்டர்கள் பலர் கேட்பதே இல்லை, நீயே எடுத்துச் சொல். எபவிரென்ஸ் உள்ள பழைய மாத்திரை என்றால் தலைசுற்றல், விநோதக் கனவு, மந்தம் வரலாம். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தில் சிலருக்குத் தூக்கம் கெடும், அப்போது காலையில் போடச் சொல்வார்கள். எதுவானாலும் மாற்றுவது டாக்டர் கையில்.

ஏஆர்டி மையத்திலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நான்கு வார்த்தை சொல்லி, கொஞ்சம் கழித்துக் கேட்பார்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்வார்கள். கையை மடக்கி, விரித்து, பக்கவாட்டில் நிறுத்தச் சொல்வார்கள். 12க்கு 10 அல்லது குறைவு வந்தால் நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும். கடும் தலைவலி, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தம்பி, லேகியம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். இரும்பு, கால்சியம் மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் மருந்தும்கூட, ஒன்றாகப் போட்டால் டோலுடெக்ராவிரை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

முதுநகர்க்காரி:
நரம்பு டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே போகுமே அக்கா?

ஆலோசகர் அக்கா, புதுச்சேரி:
2017 எச்ஐவி சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது. டாக்டருக்கு மட்டும் மறைக்காதே, மருந்து முடிவு அதை வைத்துத்தான். சிகிச்சைப் புத்தகத்தையும், அவர் போடும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துப் போ. நீயும் கூடப் போ. அவருக்குத் தெரியாத மாற்றம் உனக்குத்தான் தெரியும்.